எழுத்து மட்டும்: இணையப் பக்கமும் மூலபாடமும்

பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் இருவேறு நெறிகளைக் கைக்கொண்டனர். மூலத்தோடு உரை, பாடபேதம், அரும்பத அகராதி, நூலாசிரியர் வரலாறு ஆகிய அனைத்தையும் ஒருங்கே திரட்டி வழங்குவது ஒரு நெறி. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பதிப்புகள் இதற்குச் சிறந்த சான்றாகும். மூலத்தை மட்டும் செம்மையாக அச்சிட்டு வாசகன் கையில் கொடுத்துவிட்டுப் பதிப்பாசிரியன் ஒதுங்கி நிற்பது மற்றொரு நெறி. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட, எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த சங்க இலக்கியத் தொகுப்பு இந்நெறியில் அமைந்தது. 1950களின் பிற்பகுதியில் சென்னையில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்துக் குறைந்த விலையில் வெளியிட்ட மூலப் பதிப்புகளும் அத்தகையனவே. முதல் நெறி புலமைக்கு அரண் செய்தது. இரண்டாம் நெறி வாசகனின் கண்ணுக்கும் பாட்டின் சொல்லுக்கும் இடையே வேறெவரும் நில்லாதபடி பார்த்துக் கொண்டது. இரண்டும் வேண்டற்பாலனவே. எனினும், ஒரு பாட்டு தன் சொல்லால் நிற்கிறதா, பிறர் துணையால் நிறுத்தப்படுகிறதா என்பதை அறிய விரும்புவோன் மூலப் பதிப்பையே முதலில் நாடுதல் வேண்டும்.

இன்றைய தமிழ் மாணவன் பாட்டையும் கதையையும் பெரும்பாலும் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் படிக்கின்றான். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பாடத்துக்கு வேண்டிய பகுதியை நூலகத்தில் தேடுமுன் இணையத்தில் தேடுகின்றார். அங்கே அவர் காண்பது மூலப் பதிப்பன்று; உரைப் பதிப்புமன்று. பாட்டின் தலைமாட்டில் விளம்பரம். கால்மாட்டில் அசையும் படம். பக்கத்தைத் திறந்தவுடன் குறுக்கே வந்து இசைவு கேட்கும் அறிவிப்பு. பக்கவாட்டில், படிக்கும் பாட்டை விட்டுவிட்டு வேறொன்றைப் படிக்க அழைக்கும் பட்டியல். இத்தனையும் விலக்கிய பின்னர் எஞ்சுவதே பாட்டு. இவ்விடத்தில்தான், எழுத்தை மட்டும் காட்டும் உலாவி என்னும் பழங்கருவி, மூலப் பதிப்பு செய்த பணியை மீண்டும் செய்ய வல்லதாய்த் தோன்றுகிறது. அதனைத் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் ஏன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இணைய வலை தோன்றிய காலத்தில் அது எழுத்தின் வலையாகவே இருந்தது. 1991இல் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமாகிய செர்னில் நிக்கோலா பெல்லோ என்னும் மாணவி உருவாக்கிய உலாவி, எழுத்தை வரிவரியாகக் காட்டியதேயன்றிப் படம் எதனையும் காட்டவில்லை. 1992இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் லூ மொண்டுல்லி, மைக்கேல் குரோப், சார்லஸ் ரெசாக் ஆகிய மூவர் லிங்ஸ் என்னும் கருவியை ஆக்கினர். பல்கலைக்கழகச் செய்திகளை வழங்குவதற்கென எழுந்த அது, பின்னர் வலைக்கும் உரியதாயிற்று. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசைக், எழுத்தின் நடுவே படத்தையும் பதித்துக் காட்டியது. உலகம் மொசைக் காட்டிய வழியே சென்றுவிட்டது. ஆயினும் லிங்ஸ் மறையவில்லை. முப்பது ஆண்டுகளைக் கடந்து இன்றும் பேணப்பட்டுவரும் உலாவிகளுள் மிகப் பழையது அதுவேயாகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தம்மிடம் வருவோரை மீண்டும் அடையாளம் காண இணையத் தளங்கள் அவர்தம் கணினியில் இட்டுவைக்கும் 'குக்கி' என்னும் சிறு குறிப்பை 1994இல் வகுத்தவரும் இதே மொண்டுல்லியே. அவர் கைப்பட்டு வளர்ந்த லிங்ஸோ, அக்குறிப்பை ஏற்கலாமா என்று பயன்படுத்துவோரைக் கேட்ட பின்னரே ஏற்கும் இயல்புடையது. பெற்றவர் பழக்கத்தைப் பிள்ளை கொள்ளவில்லை போலும்.

லிங்ஸ் போன்ற உலாவியில் சுட்டெலி வேண்டுவதில்லை. அம்புக்குறி விசைகளால் ஓர் இணைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். எழுத்துருவின் அழகு, வண்ணம், அசைவு ஆகியன ஒன்றும் தெரியா. படம் உள்ள இடத்தில், பக்கத்தை ஆக்கியவர் அப்படத்துக்கு மாற்றாக எழுதி வைத்த சொற்கள் தோன்றும். அவர் ஒன்றும் எழுதாதிருப்பின் கோப்பின் பெயரோ வெறுங்குறியோ மட்டும் தோன்றும். பக்கத்தினுள் ஒளிந்திருந்து இயங்கும் நிரல்களும் இங்கே இயங்கா. ஆகவே பக்கம் விரைந்து வந்து சேர்கிறது. இதன் அளவைத் தமிழாசிரியர் தமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தமிழ்க் குறியீடு கணினியில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ஒரு குறளுக்கு ஏறத்தாழ ஐம்பது குறியீடுகள் எனக் கொண்டால், 1330 குறளும் கால் மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்றைய இணையப் பக்கம் ஒன்றின் நடுத்தர எடையோ இரண்டு மெகாபைட்டுக்கு மேற்பட்டது. ஒரே ஒரு பக்கத்தைத் திறக்கும் செலவில் திருக்குறள் முழுமையையும் எட்டு முறை இறக்கிக் கொள்ளலாம் என்பது இதனால் பெறப்படும்.

சிக்கனம் சிறு பயன் என்று தள்ளத்தக்கதன்று. 2017இல் அமெரிக்காவை இர்மா புயல் தாக்கியபோது, பெரிய செய்தி நிறுவனங்கள் சில எழுத்து மட்டுமே கொண்ட செய்திப் பக்கங்களை மக்களுக்கு நினைவூட்டின. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்து, ஷா ஆலாம் ஸ்ரீ மூடாக் குடியிருப்பில் மக்கள் கூரை மேல் ஏறி மீட்பை எதிர்நோக்கியிருந்த இரவுகளை மலேசியர் மறந்திருக்க மாட்டார்கள். மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கும் கைப்பேசியை உடையவனுக்கு வண்ணப் படம் வேண்டுவதில்லை, எழுத்தே வேண்டும். எனினும், ஓர் இலக்கியக் கட்டுரைக்கு இது தலையாய காரணமாகாது. தலையாய காரணம் தமிழெழுத்தின் கணினி வரலாற்றிலேயே உள்ளது.

அவ்வரலாற்றில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டளவில் தொடங்கிய முயற்சியே பின்னர் முரசு அஞ்சல் எனப் பெயர் பெற்றது. சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்சியாளருமாகிய சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி, 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைகளோடு வெளியான சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தின் வழியே தமிழை இணையத்தில் ஏற்றினார். உலகத் தமிழ் இணைய மாநாடு 2001இலும் பின்னர் 2013இலும் கோலாலம்பூரில் கூடியது. கதையும் கவிதையும் கற்பித்தலும் அறிந்தோர் இத்துறையில் முன்னின்றது தற்செயலன்று. எழுத்தாளனுக்கே எழுத்தின் முடை முதலில் தெரிகிறது.

முடையும் சிறிதன்று. தொடக்கக் காலத்தில் இணையத்தில் தமிழ் தெரிந்ததே தவிர, தமிழ் இருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டிய எழுத்துருக்களே பெரிதும் வழங்கின. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு போர்வை செய்தது. ஈழத்தவரிடையே பரவிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதினால், கணினியின் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. அந்த எழுத்துரு உடையவன் கண்ணுக்கு அது அம்மா. இல்லாதவனுக்கு அது பொருளற்ற குப்பை. எழுத்துருவைப் பொருட்படுத்தாத லிங்ஸ், அத்தகைய பக்கத்தைத் திறந்தவுடன் போர்வையை நீக்கி, உள்ளே இருந்த ஆங்கிலக் குறிகளையே காட்டிற்று. தமிழ்ப் பக்கம் எனப் பெயர் கொண்ட ஒன்றில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை என்பதை இத்துணை வெளிப்படையாக உணர்த்திய திறனாய்வாளர் வேறெவரும் இலர்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோடு 1991இல் தமிழுக்கெனத் தனி இடம் வகுத்தது. விண்டோஸ் 2000 வெளிவந்தபோது, லதா என்னும் எழுத்துருவோடு அது பொதுமக்கள் கணினிக்கு வந்தது. தமிழக அரசு 2010இல் அதனை முறையாக ஏற்றது. இதன்பின் 'அ' என்பது எக்கணினியிலும் 'அ' ஆகவே பதிவாகிறது. இன்று ஒரு தமிழ்ப் பக்கத்தை எழுத்துலாவியில் திறந்தால் தமிழே தோன்றும். தேடுபொறிக்கும் அதே தமிழ் கிட்டும். தேடுபொறியின் ஊர்தி ஒரு பக்கத்தைக் காணும் முறை லிங்ஸ் காணும் முறையை ஒத்தது என்பதால், தளம் அமைப்போர் தம் பக்கங்களை லிங்ஸில் திறந்து பார்க்குமாறு கூகுள் நிறுவனமே ஒருகாலத்தில் அறிவுறுத்தியது. எழுத்துலாவியில் தெரியாத பாட்டு, தேடுவோனுக்கும் பெரும்பாலும் அகப்படாது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற எழுத்தைத் தமிழர் இன்று எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று நோக்கினால் வியப்பே மிஞ்சும். கவிதை எழுதுவோர் அதனை எழுத்தாக வெளியிடாமல் படமாக வெளியிடுகின்றனர். மறையும் கதிரவன், ரோசா மலர், முக்காட்டுப் பெண், மழைத்துளி படிந்த சன்னல் ஆகிய ஏதேனும் ஒன்றின் மேல் கவிதையை எழுதி, ஒட்டுமொத்தமாகப் படமாக்கிப் புலனத்திலும் முகநூலிலும் அனுப்புகின்றனர். பொங்கல் வாழ்த்து, இரங்கற்பா, இலக்கியக் கூட்ட அழைப்பிதழ், பள்ளிப் போட்டியில் பரிசு பெற்ற மாணவன் கவிதை என எல்லாம் இவ்வாறே படமாகின்றன. எழுத்துலாவியில் இவற்றைத் திறப்பின், படம் என்னும் குறியும் எண்கள் நிறைந்த ஒரு கோப்புப் பெயரும் தோன்றும். கவிதை இல்லை. ஆங்கிலக் குறிகளின் மேல் போர்வையாய்க் கிடந்த தமிழை மீட்டு எழுத்தாக்கியவர்கள் ஒரு தலைமுறையினர். அதே எழுத்தை மீண்டும் ஓவியமாக்குபவர்கள் அடுத்த தலைமுறையினர்.

அழகுணர்ச்சியை இங்கே குறை கூறுதல் நோக்கமன்று. கோலமும் சித்திரமும் தமிழர்க்குப் புதியனவல்ல. ஆனால் கவிதையைப் படத்தோடு ஒட்டித் தருவதில் திறனாய்வு நோக்கில் ஒரு பெருங்கேடு உள்ளது. சொல் எழுப்ப வேண்டிய உணர்ச்சியைப் படம் முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. பிரிவைப் பற்றிய பத்து வரிகளுக்குப் பின்னால் தொலைவில் செல்லும் புகைவண்டி நின்றுவிட்டால், பிரிவைச் சொல்லும் பொறுப்பிலிருந்து சொற்கள் விடுபட்டுவிடுகின்றன. எழுதுவோன் சோம்பலுக்குப் பழகுகிறான். படிப்போனோ, புகைவண்டியைக் கண்டு மனம் கசிந்ததைக் கவிதையால் கசிந்ததாக எண்ணிக்கொள்கிறான். எழுத்துலாவி புகைவண்டியை அகற்றிவிடும். அப்போதும் பிரிவு எஞ்சி நிற்குமாயின் அதுவே கவிதை.

கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த சோதனையை இலக்கிய மாணவர் பலரும் அறிவர். கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மட்டும் மாணவரிடம் கொடுத்து, அவர்தம் கருத்துகளை எழுதச் செய்து, அவற்றைக் கொண்டு 1929இல் செய்முறைத் திறனாய்வு பற்றிய தம் நூலை வெளியிட்டார் அவர். புகழ்பெற்ற கவிதை பழிக்கப்பட்டதும், எளிய கவிதை போற்றப்பட்டதும் அங்கே வெளிப்பட்டன. மலாயாவில் இதற்கு நெருங்கிய ஒன்று 1950இல் நிகழ்ந்தது. 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, எழுத்தார்வம் உடையோரை அவரவர் எழுதியனுப்பிய எழுத்தைக் கொண்டே மதிப்பிட்டுத் தரம் பிரித்தது. எழுதியவர் எத்தோட்டத்தவர், எத்தொழிலினர் என்பது அங்கே அளவுகோலாகவில்லை. இந்நாட்டில் சிறுகதை வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் அவ்வகுப்பைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. இன்றைய வகுப்பறையில் ஓர் ஆசிரியர், இணையக் கவிதை பத்தினை எழுத்துலாவியின் வழியே எடுத்து, படமும் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையும் நீங்கிய வெறும் எழுத்தாக மாணவர் முன் வைப்பாராயின், அவர் ரிச்சர்ட்ஸின் சோதனையையும் கதை வகுப்பின் முறையையும் ஒருசேரச் செய்தவராவார். ஐயாயிரம் விருப்பக்குறி பெற்ற கவிதை எது என்று மாணவர் கண்டுபிடிக்க முயல்வது நல்ல பயிற்சியாக அமையும். ஆசிரியருக்கும் சில வேளை வியப்பு உண்டாகலாம்.

யாப்புக் கற்பிப்போர்க்கு இன்னொரு பயனும் உண்டு. அடிமுறிவை எழுத்தின் இயல்பாகக் குறியாமல், தோற்ற அலங்காரத்தால் மட்டும் அமைத்த பக்கங்கள் பல. அவற்றை லிங்ஸில் திறந்தால் வெண்பாவின் நான்கடியும் ஒன்றாய் ஓடி, உரைநடை போல் வந்து நிற்கும். இதனைக் குறை என்று வெறுப்பதைக் காட்டிலும் பாடமாகக் கொள்வது மேல். ஏட்டுச் சுவடியிலும் பாட்டு இவ்வாறே அடி பிரியாமல், புள்ளியும் இன்றி, ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பாசிரியர் எதுகையையும் தளையையும் பற்றுக்கோடாகக் கொண்டு அடியைப் பிரித்தார். மாணவனும் அவ்வாறே பிரிக்கட்டும். ஈற்றடி முச்சீராக வந்து நிற்கும்போது, வெண்பாவின் இலக்கணம் ஏட்டில் படித்த சூத்திரமாக இராமல், கையால் கண்டறிந்த உண்மையாகிவிடும்.

இனி, எழுத்தாக வைப்பதா, படமாக வைப்பதா என்னும் வினா ஒரு தனிக் கவிதையோடு முடிவதன்று, நூலகங்களையே தொடுவது. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம், எக்கணினியிலும் திறக்கக்கூடிய வெற்றெழுத்தாகவே நூல்களைச் சேமித்தது. அதன் வழியில் சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்து கொடுத்தனர். ஈழத்தவர் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமோ பெரிதும் அச்சுப் பக்கங்களைப் படியெடுத்துப் படங்களாகவே காத்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் எரிந்ததைக் கண்ட மக்கள், தட்டச்சுக்குக் காத்திராமல் கிடைத்ததைக் கிடைத்தபடியே காக்க விரைந்ததில் நியாயம் உண்டு. அவ்வகையில் படம் குற்றமுடையதன்று. அழிவிலிருந்து காப்பதற்கு அதனினும் விரைவான வழி இல்லை. அச்சின் பிழையையும், அக்காலத்து எழுத்து வடிவையும் படமே உள்ளபடி காட்டும். ஆயினும் படத்தில் தேட இயலாது. எழுத்துலாவியில் அது தோன்றாது. இரு வழிக்கும் இடையே விக்கிமூலம் கைக்கொண்ட முறை பாராட்டற்குரியது. அங்கே பழைய நூலின் பக்கப் படம் ஒருபுறமும், எழுத்துணரியால் பெற்றுத் திருத்திய எழுத்து மறுபுறமும் அருகருகே நிற்கின்றன. ஐயமெழுந்தால் படத்தோடு ஒப்பிடலாம். மற்றபடி எழுத்தைப் படிக்கலாம்.

மலேசியத் தமிழிலக்கியத்துக்கு இவ்வினா அவசரமானது. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதைகளும் கவிதைகளும் அதன் தாள்களில் உள்ளன. முரசு நெடுமாறன் 1997இல் வெளியிட்ட 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' ஒரு நூற்றாண்டுக் கவிதையைத் திரட்டிய அரும்பணி. இத்தகைய தொகுதிகளும் இதழ்களும் எழுத்தாகக் கணினியில் அமையுமாயின், 'பால்மரம்' என்னும் சொல் இந்நாட்டுக் கவிதையில் எப்போது நுழைந்தது, எப்போது அருகிற்று, எவரெவர் அதனை உவமையாக்கினர் என்பதை ஒரு மாணவன் ஒரு பிற்பகலில் கண்டுவிடலாம். படங்களாக மட்டும் அமையுமாயின், தாளில் புரட்டியதைத் திரையில் புரட்டுவதே அவனுக்கு வாய்க்கும். எழுத்தாளர் அமைப்புகள் தம் ஆண்டுத் தொகுப்புகளை இணையத்தில் ஏற்றும்போது, அவற்றை ஒருமுறை எழுத்துலாவியில் திறந்து பார்த்துவிட்டு ஏற்றுதல் நலம். செலவில்லாத தேர்வு அது.

எழுத்துலாவியின் குறைகளை மறைத்தல் நடுவுநிலையாகாது. பெரும்பாலான வங்கிப் பணிகளும் அரசுப் படிவங்களும் அதில் இயங்கமாட்டா. பல தளங்கள் நிரலை இயக்குமாறு ஒரு வரி மட்டும் காட்டி வெறுமையாய் நிற்கும். ஓவியம், புகைப்படம், நிலப்படம் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரையை அதில் படிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு சிற்பம் பார்ப்பதை ஒக்கும். தமிழுக்கென்றே அமைந்த குறை ஒன்றும் உண்டு. லிங்ஸ் இயங்கும் கணினி முனையம், எழுத்துக்கு ஒரு கட்டம் என அளந்து வைத்த அமைப்பு. ஆங்கில எழுத்து அக்கட்டத்தில் அடங்கும். தமிழின் 'கொ' என்னும் எழுத்தோ, மெய்யின் இருபுறமும் குறி கொண்டது. 'ணை' என்பதன் குறி முன்னே வருவது. பல முனையங்களில் இவை சிதறி, கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாய்க் கிடக்கக் காணலாம். இம்முனையங்களை ஆக்கியோர் தமிழை மனத்திற்கொண்டு ஆக்கவில்லை என்பதே உண்மை. இதற்கு மாற்று இல்லாமலில்லை. ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பியினுள் அமைந்த உலாவி தமிழைச் சிதைக்காமல் காட்டும். அதில் படங்களை நிறுத்தியும் வைக்கலாம். அவ்வளவு தொல்லை ஏற்க விரும்பாதவர்க்கு, இன்றைய பொது உலாவிகளில் உள்ள வாசிப்புப் பார்வை போதும். சஃபாரி 2010இலும் ஃபயர்பாக்ஸ் 2015இலும் அதனைச் சேர்த்துக் கொண்டன. விளம்பரமும் பட்டியலும் நீங்கி, கட்டுரை மட்டும் எஞ்சி நிற்கும் அப்பார்வை, லிங்ஸின் தம்பி எனத்தகும். ஆனால் படமாக்கப்பட்ட கவிதையைத் தம்பியும் படமாகவே காட்டுவான். உள்ளே எழுத்து உண்டா இல்லையா என்பதை அண்ணனே அறிவிப்பான்.

திரையில் சிதறும் தமிழ் சிதறாத இடம் ஒன்று உண்டு. அதனைக் காணப் பிரிக்பீல்ட்ஸுக்குச் செல்லுதல் வேண்டும். பூக்கடைகளும் உணவகங்களும் நிறைந்த அப்பகுதி தமிழர் கூடுமிடமாகப் பெயர் பெற்றிருப்பது போலவே, பார்வையற்றோர் வாழுமிடமாகவும் பெயர் பெற்றது. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் அமைந்துள்ளது. வெண்கோலோடு நடப்போர்க்கென நடைபாதைகளில் புடைப்புக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை வகுக்கப்பட்டதும் அதே 1951ஆம் ஆண்டளவிலேயே. இன்று பார்வையற்ற வாசகர் கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பியின் துணையால் பயன்படுத்துகின்றனர். அது திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும். வேண்டின் பிரெயில் பலகையில் புள்ளிகளாக எழுப்பும். எழுத்தைத்தான் அவ்வாறு செய்யும். ரோசா மலரின் மேல் எழுதிப் படமாக்கிய கவிதையைத் திரைவாசிப்பி நெருங்கும்போது, படம் என்று சொல்லிக் கடந்துவிடும். படத்திலிருந்து எழுத்தை ஊகித்துணரும் கருவிகள் இன்று வந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் அலங்கார எழுத்துருவில், வண்ணத்தின் மேல் வண்ணமாய் எழுதிய தமிழில் அவை இடறுகின்றன. கவிதையில் ஓரெழுத்து இடறினாலும் சொல் மாறிவிடும். பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்க இசைவளிக்கும் மராக்கேசு உடன்படிக்கையில் மலேசியா 2022இல் இணைந்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது; படமோ கதவுக்குள் இன்னொரு கதவாய் நிற்கிறது.

எழுத்துலாவியும் பிரெயில் பலகையும் ஒரே இயல்பின. இரண்டும் பக்கத்தை ஒரு வரியின் பின் ஒரு வரியாகவே காண்கின்றன. பார்வையற்றோர் பலர் லிங்ஸைப் பல்லாண்டுகளாக விரும்பிப் பயன்படுத்தி வருவதற்கு இதுவே காரணம். தமிழின் கொம்பும் காலும் முனையத் திரையில் படும் அல்லல் பிரெயிலில் இல்லை. அங்கே 'கொ' என்பது ககரப் புள்ளிகளும் அவற்றைத் தொடர்ந்து வரும் ஒகரப் புள்ளிகளுமாகும்; நாவில் ஒலிக்கும் வரிசையிலேயே விரலிலும் வரும். பிரெயில் பலகைகளுள் நாற்பது கட்டம் கொண்டவை பெருவழக்காக உள்ளன. குறளின் முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர். முதலடி பெரும்பாலும் அந்நாற்பது கட்டத்துக்குள் அடங்கிவிடும். விரல் ஒருமுறை இடமிருந்து வலமாகச் சென்று நின்று, விசையை அழுத்தியதும், ஈற்றடி அதே இடத்தில் எழும்.